ராக்கியை இப்போதே பயிற்சிக்கு அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் வீடு தேரூர் குளத்துக்குப் பக்கத்தில். ஏழு மாத ஆண் லேப்ரடார் வளர்க்கிறோம், பெயர் ராக்கி. நான் நாகர்கோவிலில் வேலை பார்ப்பதால் பகலில் அப்பாதான் அவனைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்குள் சொன்ன பேச்சு கேட்பான். வெளியே இறக்கினால் கொக்கோ நாரையோ கண்ணில் பட்டதும் ஓட்டம்தான், கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன வாரம் கன்னிப்பூ நெல் அறுத்த வயலில் மேய்ந்துகொண்டிருந்த தாரா (வளர்ப்பு வாத்து) ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து அப்பா காலடியில் போட்டான். தாராவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் தாராக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். அமெரிக்காவில் இருக்கும் என் அத்தான், “அது பறவை வேட்டைக்கான நாய். இங்கே ஆறு மாதத்திலேயே ட்ரெயினரிடம் விட்டுவிடுவார்கள். நீ ஏற்கெனவே லேட்” என்கிறார். வெளியூர் ட்ரெயினர் ஒருவர் மூன்று மாதம் தன்னிடமே வைத்துப் பழக்கித் தருவதாகச் சொல்கிறார். மாதம் 15,000 ரூபாய். வருகிற வாரமே கொண்டுபோய் விடட்டுமா?

பதில்: வருகிற வாரம் வேண்டாம். பொங்கல் கழியட்டும். அதற்குள் வீட்டில் நீங்களும் அப்பாவும் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. அதைச் செய்து முடித்தால் அந்த 45,000 ரூபாயே மிச்சமாகலாம். மிச்சமாகாவிட்டாலும் எதற்காகக் கொடுக்கிறோம் என்றாவது தெரிந்து கொடுப்பீர்கள்.

முதலில் அந்தத் தாரா விஷயம். தாராக்காரரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். தாரா பயத்தில் இரண்டு நாள் முட்டையிடவில்லை என்றால் அதற்கும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். ராக்கியை அடிக்காதீர்கள். உயிருள்ள தாராவைக் கீறல் இல்லாமல் கவ்விக் கொண்டுவந்து காலடியில் வைத்தான் என்றால் அவன் தன் இனத்துக்கான வேலையைத்தான் செய்திருக்கிறான். லேப்ரடாரின் முழுப் பெயரிலேயே ரிட்ரீவர், அதாவது எடுத்துவருவது, என்று இருக்கிறது. சுட்டு விழுந்த வாத்தைத் தண்ணீரிலிருந்து, பல் பதியாமல் எடுத்துவரத்தான் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். கொண்டுவந்து கொடுத்த இடத்தில் அடி விழுந்தால், தாராவைப் பிடித்தது தப்பு என்று அவனுக்கு விளங்காது. அப்பாவிடம் கொண்டுபோனது தப்பு என்றுதான் விளங்கும். அடுத்த தடவை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் ஓடிவிடுவான். பல் பதியாமல் கவ்வத் தெரிந்த எத்தனையோ லேப்ரடார்கள் இப்படித்தான் கெட்டுப்போகின்றன. வாயில் எதைக் கொண்டுவந்தாலும் சந்தோஷமாக வாங்கி, பதிலுக்கு ஒரு தின்பண்டம் கொடுங்கள். செருப்பாக இருந்தாலும் சரி.

தாரா வளர்ப்புப் பறவை, அதனால் காசோடு போயிற்று. கொக்கும் நாரையும் அப்படியல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில் கொல்வது, பிடிப்பது மட்டுமல்ல, துரத்துவதும் விரட்டுவதும்கூட அடங்கும். நீங்கள் இருப்பதோ சாதாரணக் குளக்கரை இல்லை. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்க்கப்பட்ட இடம். வலசைப் பறவைகள் வந்து தங்கும் அக்டோபர் முதல் மார்ச் வரை ராக்கியைக் குளத்தங்கரையில் அவிழ்த்துவிடவே கூடாது. கயிற்றோடு போனாலும் பறவைக் கூட்டம் இல்லாத பக்கமாக, சானல் (கால்வாய்) கரை வழியாகவோ விளைகளுக்குள்ளோ (தோப்புகளுக்குள்ளோ) போய் வாருங்கள். இதைச் சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. கொக்கைத் துரத்திய ஒவ்வொரு முறையும் அவனுக்கு அது ஒரு பரிசு. கொக்கு பறக்கிறது, அவனுக்கு ஆனந்தம் பொங்குகிறது. உங்கள் கையில் இருக்கும் பிஸ்கட் அதற்கு ஈடாகாது. துரத்தும் வாய்ப்பை முதலில் அடைத்தால்தான் எந்தப் பயிற்சியும் ஏறும்.

இனி அத்தான் சொன்னது. அவர் சொல்வது பொய் இல்லை. அங்கே பலர் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் நாயை அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அவர்களுடைய அவசரத்துக்குக் காரணம் வேட்டை சீசன். இலையுதிர் காலத்தில் சீசன் தொடங்கும்போது நாய் தயாராக இருக்க வேண்டும். அதனால் கோடையிலேயே பல ட்ரெயினர்கள் நாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே புல்வெளி மாநிலங்களுக்குப் போய் முகாம் போடுவார்கள். பாயின்டர், செட்டர் மாதிரி இனங்கள் பறவை வாடை கிடைத்ததும் அசையாமல் நின்று காட்ட வேண்டியவை. அவற்றைப் பழக்க மைல் கணக்கில் திறந்த நிலம் வேண்டும், வளர்ப்புப் புறா வேண்டும், பண்ணைக் காடை வேண்டும். சாதாரண வீட்டில் அதெல்லாம் இருக்காது, ட்ரெயினரிடம் இருக்கும். காசு அதற்குத்தான். அங்கேயும் ஆறு மாதக் குட்டிக்குச் செய்வது பறவையின் வாடையைக் காட்டுவது, ஆசையைக் கிளப்புவது, துப்பாக்கிச் சத்தத்தைத் தூரத்திலிருந்து மெல்லப் பழக்குவது, அவ்வளவுதான். பறவை எழுந்து பறந்தாலும் வெடி வெடித்தாலும் நின்ற இடத்தில் நிற்கும் கட்டுப்பாடு ஒன்றரை வயது, இரண்டு வயதில்தான் முழுதாக அமையும்.

இங்கே வேட்டை இல்லை, சீசனும் இல்லை. ராக்கிக்குப் பொங்கலுக்குள் தேர்வு ஒன்றும் வரப்போவதில்லை. அப்படியிருக்க வயதைக் கணக்குப் பார்த்து அனுப்புவதில் அர்த்தமில்லை. நான் பார்ப்பது வேறொன்று. ட்ரெயினர் “என்ன வேண்டும்?” என்று கேட்டால் உங்களால் ஒரே வரியில் பதில் சொல்ல முடிகிறதா? “நல்லா ட்ரெயின் பண்ணிக் குடுங்க” என்பது பதில் இல்லை. “நாற்பது அடிக்குள் கூப்பிட்டால் வருகிறான், அதைத் தாண்டிப் பறவையைக் கண்டால் வரமாட்டேன் என்கிறான், அங்கே நான் மாட்டிக்கொண்டேன்” என்பது பதில். இப்படி மாட்டிக்கொண்ட இடம் எதுவென்று உங்களுக்குத் தெரியும் நாள்தான் அனுப்பும் நாள். அதற்கு முன்னால் அனுப்பினால் முதல் மாதம் முழுக்க ட்ரெயினர் அவனுக்கு ‘உட்கார்’, ‘வா’ என்று நீங்களே செய்யக்கூடியதைச் செய்துகொண்டிருப்பார்.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால், வெளியே அவனைக் கயிறில்லாமல் விட்டுவிட்டுப் பிறகு கூப்பிடுவதாகத் தெரிகிறது. அவன் வரவில்லை. நாலு தடவை, ஐந்து தடவை கூப்பிடுகிறீர்கள். ‘வா’ என்பது காதில் விழும் ஏதோ ஒரு சத்தம் என்று அவன் கற்றுக்கொண்டாகிவிட்டது. ஏழு மாதம் என்பது விடலைப் பருவத்தின் தொடக்கம் வேறு. வீட்டில் கேட்பவன் வெளியே கேட்காமல் போவது இந்த வயதில் பல நாய்களுக்கும் உண்டு.

ஒரு பத்து மீட்டர் நைலான் கயிறு வாங்குங்கள், கனமில்லாததாக. கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள். ஓடிப்போய்ச் சுண்டினால் கழுத்தில் அடிபடும். நெஞ்சோடு போடும் ஹார்னஸில் மாட்டுங்கள். இனி கயிறில்லாமல் வெளியே கிடையாது. ஒரு தடவைதான் கூப்பிட வேண்டும். வந்தால் அந்த வேளைச் சாப்பாட்டில் ஒரு பங்கு அங்கேயே. வராவிட்டால் மறுபடி கூப்பிடாமல், கயிற்றைப் பிடித்தபடி அவனிடம் நடந்து போய் மூக்குக்கு நேரே உணவைக் காட்டித் திருப்புங்கள். அவன் கொக்கையே வெறித்துக்கொண்டிருக்கிறான், வரமாட்டான் என்று உங்களுக்கே தெரிகிற நேரத்தில் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். குளிப்பாட்டவும் கட்டிப்போடவும் அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டாம். நீங்கள் ‘கம்’ என்றும் அப்பா ‘வாடா இங்க’ என்றும் சொல்லிக்கொண்டிருந்தால் இன்றே ஒன்றாக்குங்கள்.

இன்னும் நல்லது விசில். பறவை வேட்டை நாய்களை விசிலில் பழக்குவதற்குக் காரணம் உண்டு. மனிதக் குரலில் கோபமும் பதற்றமும் ஏறிவிடும், விசிலில் ஏறாது. அப்பா ஊதினாலும் நீங்கள் ஊதினாலும் ஒரே சத்தம்தான். தொடர்ச்சியாகச் சின்னச் சின்ன ஊதல் என்றால் திரும்பி வா, ஒரே நீள ஊதல் என்றால் இருந்த இடத்தில் உட்கார். பிரிட்டனில் வேட்டை நாய்களுக்குப் பெரும்பாலும் இதுதான் வழக்கம். நாளைக்கு எந்த ட்ரெயினரிடம் போனாலும் அவர் இதிலிருந்தே தொடரலாம்.

அப்புறம் எடுத்துவரும் ஆசை. அதை அடக்கப் பார்க்காதீர்கள், ஒரு வழியில் திருப்பிவிடுங்கள். பழைய சாக்ஸுக்குள் தேங்காய்க் கதம்பையை (மட்டை நாரை) திணித்துத் தைத்தால் அருமையான பொம்மை. வாய்க்கு மெத்தென்று இருக்கும், தண்ணீரிலும் மிதக்கும். கம்பும் கல்லும் வேண்டாம், பல் உடையும், தொண்டையில் குத்தும். ஏழு மாதத்தில் பால்பல் எல்லாம் விழுந்து 42 நிரந்தரப் பல்லும் முளைத்திருக்க வேண்டும். கோரைப்பல் பக்கத்தில் பால்பல் ஏதாவது விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று ஒரு தடவை உதட்டைத் தூக்கிப் பாருங்கள். நின்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் இந்த வேலை. ஈறு வலிக்கும்போது கவ்வப் பழக்கினால், கவ்வுவது என்றாலே வலி என்று மனதில் பதிந்துவிடும்.

பொம்மையை எறிந்ததும் ஓடவிடக் கூடாது. எங்கள் தொழிலில் கஷ்டமான பாடம் இதுதான், வீட்டில் பெரும்பாலும் யாருமே சொல்லிக்கொடுக்காத பாடமும் இதுதான். அவனை உட்காரவைத்துக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எறியுங்கள். துள்ளுவான், முனகுவான். அடங்கி உட்கார்ந்த பிறகு அனுப்புங்கள். பாதித் தடவை அவனை அனுப்பாமல் நீங்களே நடந்துபோய் எடுத்துவாருங்கள். கண் முன்னால் விழுவதெல்லாம் தனக்குரியது இல்லை என்பது அப்போதுதான் புரியும். கொக்கு எழும்பும்போது உட்கார்ந்திருக்கும் நாய் இந்த விளையாட்டிலிருந்துதான் வருகிறது. ஒரு வேளைக்கு நாலைந்து எறி போதும். அவன் இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே பொம்மையை உள்ளே வைத்துவிட வேண்டும். இருபது, முப்பது தடவை பந்து எறிந்து களைக்க வைப்பதை உடற்பயிற்சி என்று நினைக்கிறார்கள். அதில் துரத்தும் வெறி ஏறுவதுதான் மிச்சம். காலை ஏழு மணிக்கு முன்னால், மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு. நம் ஊர்ப் புழுக்கத்தில் லேப்ரடாருக்கு மூச்சிரைப்பு சீக்கிரம் வந்துவிடும். ஸ்கூட்டருக்குப் பின்னால் ஓடவைப்பது வேண்டவே வேண்டாம். அவன் எலும்பு வளர்ந்து கெட்டிப்பட ஒரு வயதுக்கு மேல் ஆகும், இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வேறு வரக்கூடும்.

பொங்கல் வரை பொறுக்கச் சொல்வதற்கு முக்கியமான காரணம் வெடி. தீபாவளி வருகிறது. அது முடிந்தால் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3 வரை. பிறகு கிறிஸ்துமஸ், புத்தாண்டு, நடுவில் சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழா. நம் மாவட்டத்தில் அந்த இரண்டு மாதமும் ஏதாவது ஒரு மூலையில் வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வெளியூரிலும் தீபாவளிக்குக் குறைவிருக்காது. வாழ்க்கையின் முதல் தீபாவளியை ஏழெட்டு மாத நாய் ஒன்று தெரியாத கூண்டில், தெரியாத ஆட்களோடு, சுற்றிலும் குரைக்கும் நாய்களுக்கு நடுவில் கழித்தால் அந்தப் பயம் ஆயுளுக்கும் நிற்கலாம். பறவை வேட்டை நாய்களை வளர்ப்பவர்கள் மிகவும் அஞ்சுவதும் இதைத்தான். துப்பாக்கிக்கு மிரண்டுபோன நாயைத் திருத்துவது பெரும்பாடு. நம் ஊரில் அந்தத் துப்பாக்கியின் இடத்தில் வெடி இருக்கிறது.

அதனால் இப்போதிருந்தே, அவன் சாப்பிடும் நேரத்தில் மூன்று வீடு தள்ளி யாரையாவது ஒரு பாத்திரத்தைத் தட்டச் சொல்லுங்கள். காதை உயர்த்திப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தால் சரி. தட்டைவிட்டு விலகினால் தூரம் போதவில்லை என்று பொருள். நாள் போகப் போகக் கிட்டத்தில் தட்டலாம். தீபாவளி அன்று உள்ளறையில் மின்விசிறியையும் டிவியையும் போட்டுவிட்டு அப்பா கூடவே இருக்கட்டும். பழக்குகிறேன் என்று வெடி போடும் இடத்துக்கே இழுத்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். அது பழக்கம் இல்லை, கொடுமை.

டிசம்பர் கடைசியில் ஒரு சோதனை வையுங்கள். ஒரு வயல் தூரத்தில் கொக்கு நிற்க வேண்டும், கயிறு உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒரே தடவை விசில். பத்தில் எட்டுத் தடவை திரும்பி வந்தால் அவனை வெளியே அனுப்பத் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு நாள் ட்ரெயினர் வீட்டுக்கு வந்து அடுத்த பாடத்தைச் சொல்லித் தந்தால் போதும். பாதிக்கும் கீழே என்றால் நீங்கள் மாட்டிக்கொண்ட இடம் தெரிந்துவிட்டது, அனுப்புங்கள். நடுவில் என்றால் இன்னும் ஒரு மாதம் பாருங்கள்.

இந்தக் கணக்குக்கு விதிவிலக்கு உண்டு. உங்கள் அப்பாவுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. முழு வளர்ச்சியில் ஆண் லேப்ரடார் முப்பது கிலோவைத் தாண்டும். வயலைப் பார்த்து அவன் ஒரு இழுப்பு இழுத்து அப்பா வரப்பில் விழுந்தால் நாய்ப் பயிற்சியைவிடப் பெரிய செலவு வந்து நிற்கும். அப்பாவால் பிடிக்க முடியவில்லை என்றால் பொங்கல் வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒருவரை வீட்டுக்கு வரவழைத்துக் கயிற்றில் இழுக்காமல் நடப்பதை மட்டும் பழக்கிக்கொள்ளுங்கள். அதேபோல் அந்தத் தாராவை வாங்கும்போது ராக்கி உறுமினான் என்றாலோ, பயந்து பதுங்கும் சுபாவம் இருக்கிறது என்றாலோ, வெளியூரில் கொண்டுவிடுவது எந்த மாதத்திலும் தீர்வாகாது. அது வீட்டிலேயே, வீட்டு ஆட்களோடு சேர்ந்து சரிசெய்ய வேண்டிய விஷயம்.

அனுப்புவதாக முடிவானால், முதலில் நாய் இல்லாமல் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். அவர் ஏற்கெனவே பழக்கிய ஒரு நாயை வேலை செய்யவைத்துக் காட்டச் சொல்லுங்கள். நாய் செய்கிற வித்தையைவிட அதன் வாலைக் கவனியுங்கள். அவர் கை தூக்கும்போது வால் காலுக்கிடையில் போனால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். “நாய் பேச்சு கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். நேரான பதில் வர வேண்டும். கழுத்தில் மாட்டி அதிர்ச்சி கொடுக்கும் மின்சாரப் பட்டை வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் வேட்டை நாய்க்காரர்கள் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள், அத்தானும் சொல்லக்கூடும். வேல்ஸில் அதை 2010இலேயே தடைசெய்துவிட்டார்கள். ஒரு வயதுகூட நிரம்பாத நாய்க்கு நான் அதைத் தொடவே மாட்டேன். அதிர்ச்சி விழும் நொடியில் அவன் கண் முன்னால் தாரா இருந்தால் தாராவுக்குப் பயப்படுவான், பக்கத்து வீட்டுக் குழந்தை இருந்தால் குழந்தைக்குப் பயப்படுவான். பயந்த நாய் பிறகு என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். நாயை அடித்து வதைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

“நடுவில் வந்து பார்த்தால் நாய் ஏங்கிப்போகும், மூன்று மாதம் கழித்து வந்தால் போதும்” என்று சொல்பவரிடம் விடாதீர்கள். நாய் அப்படியொன்றும் ஏங்கிக் கெட்டுப்போகாது. கூண்டுத் தரை காய்ந்திருக்கிறதா, சுவர் இடுக்கில் உண்ணி இருக்கிறதா, ஒரு ஆளுக்கு எத்தனை நாய், அவசரத்துக்கு எந்த மருத்துவர் என்பதையெல்லாம் நேரில் பாருங்கள். போவதற்கு முன்னால் வெறிநாய்த் தடுப்பூசியும், பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நாய் நோய்களுக்கான ஊசிகளும் முடிந்திருக்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்கு இரண்டு தவணையும் போட்டாயிற்றா என்று தனியாகக் கேளுங்கள், வயல் தண்ணீரில் இறங்கும் நாய்க்கு அது முக்கியம். பல நாய்கள் சேர்ந்திருக்கும் இடத்தில் பரவும் இருமலுக்கான ஊசியும் உண்ணி மாத்திரையும் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே. நடுவில் இரண்டு இரவு சித்தப்பா வீட்டிலோ மாமா வீட்டிலோ அவனை விட்டுப் பாருங்கள். சாப்பிட்டுத் தூங்கினால் கூண்டு வாழ்க்கையைத் தாங்குவான்.

கடைசியாக, காசு பேசும்போதே ஒப்படைக்கும் நாட்களையும் பேசிவிடுங்கள். குறைந்தது மூன்று நாள், ட்ரெயினர் பக்கத்தில் நிற்க நீங்கள் ராக்கியை நடத்த வேண்டும், விசில் உங்கள் வாயில் இருக்க வேண்டும். நாய் யாரிடம் கற்றதோ அவருக்குத்தான் கீழ்ப்படியும். அந்தச் சொல்லும் சைகையும் வீட்டுக்கு மாறாவிட்டால் சில வாரங்களில் பழையபடி வயலில் நிற்பான். பகலில் கயிற்றைப் பிடிக்கப்போவது அப்பா என்பதால் அந்த மூன்று நாளும் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு அந்த ட்ரெயினர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு ஆள் பாருங்கள்.